எதிர்காலத்தை எந்த எழுத்தில் வெட்டுகிறார்கள்?

பொறியியல் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களுக்கு, காந்திநகரிலிருந்து குவாஹாட்டிவரை, ஏறத்தாழ ஒரே சுவரொட்டிதான் அச்சாகிறது. கறுப்புப் பின்னணி, நீலமோ ஊதாவோ ஒளிரும் விளிம்பு, நடுவில் விண்கலத்தின் பக்கவாட்டில் பொறித்தாற்போல, கோடுகள் நறுக்கப்பட்டு மூலைகள் சதுரமாக்கப்பட்ட ஆங்கிலப் பெரிய எழுத்துகள். இடம் மிஞ்சினால் அதன்கீழ் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ தமிழிலோ ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு எழுத்துரு தேடியவர் எவருமில்லை. கணினியோடு இலவசமாக வந்த எழுத்துருவே போதும் என்று விடப்பட்டிருக்கும். மேல்வரி எதிர்காலத்தைப் பேச, கீழ்வரி ரேஷன் கடை அறிவிப்பைப்போல ஓரமாக நிற்கும்.

இதைவிடக் கேடான இன்னொரு வகையும் உண்டு. இந்திய மொழிகளுக்கும் இடம் தருவதாகச் சொல்லி முன்வருவோர், ஆங்கில எழுத்தை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், எந்த அகலத்தில் நறுக்கினார்களோ அதே அளவில் தேவநாகரியையும் குர்முகியையும் தமிழையும் நறுக்கி, அதற்கு எதிர்கால ஸ்டென்சில் எழுத்துரு என்று பெயர் சூட்டுகிறார்கள். முதல் வகையினர் இந்திய எழுத்துகளை எதிர்காலத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். இரண்டாம் வகையினர் கைகால்களை ஒடித்து உள்ளே இழுத்து வருகிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறியாமை: எழுத்தை எங்கே வெட்டலாம் என்பது கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடும் கேள்வி என்னும் எண்ணம். அந்த எண்ணம் தவறானது. ஒவ்வோர் எழுத்துமுறையும் தன் வேறுபாடுகளை எந்தக் கோட்டில், எந்தச் சுழியில், எந்த இடைவெளியில் வைத்திருக்கிறது என்று அறிந்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். அது மொழியியலின் கேள்வி.

முதலில் ஸ்டென்சில் என்பது என்ன என்று பார்ப்பது நல்லது. தகரத் தகட்டில் எழுத்தின் வடிவத்தைத் துளையாக வெட்டி, தகட்டைப் பரப்பின்மேல் வைத்து, துளையின் வழியே வண்ணம் பூசும் முறை அது. அதில் தவிர்க்கவியலாத ஓர் இடர் உண்டு. ஆங்கில 'ஓ' எழுத்தை அப்படியே வெட்டினால் நடுவிலிருக்கும் தகடும் சேர்ந்து விழுந்துவிடும். எஞ்சுவது ஒரு முழு வட்ட ஓட்டை. நடுவிலுள்ள அந்தத் தீவைக் கரையோடு பிடித்து வைக்க ஒன்றிரண்டு பாலங்கள் வேண்டும். ஸ்டென்சில் எழுத்தில் காணப்படும் இடைவெளிகள் அந்தப் பாலங்களின் நிழல்கள். அவை அலங்காரமாகப் பிறந்தவை அல்ல. தகடு கிழியாமலிருக்கப் பிறந்தவை.

இந்தத் தொழில் அறிவு இந்தியாவுக்குப் புதிதுமல்ல. சரக்கு ரயில் வேகன்களின் பக்கங்களிலும், மின்கம்பங்களின் எண்களிலும், சணல் சாக்குகளிலும், தேயிலைப் பெட்டிகளிலும் அது நெடுங்காலமாக வேலை செய்திருக்கிறது. தெருவில் விற்கும் கோலத் தகடும் ஸ்டென்சில்தான். மதுரா, பிருந்தாவனப் பகுதியின் சாஞ்சிக் கலைஞர்கள் காகிதத்தைக் கத்தரித்து, அதன் வழியே வண்ணப்பொடி தூவிக் கண்ணன் கதைக் காட்சிகளை வரைகிறார்கள். எந்த இடத்தில் வெட்டினால் உருவம் நிற்கும், எந்த இடத்தில் வெட்டினால் உருவம் சிதறும் என்னும் கணக்கு அவர்கள் விரல்களில் தலைமுறைகளாகத் தங்கியிருக்கிறது. அந்தக் கணக்கு அறிந்த நாட்டில்தான் வடிவமைப்பு மென்பொருளில் ஒரே குறுக்குப்பட்டையை எல்லா எழுத்துகள்மீதும் இழுத்து அழிக்கும் பழக்கம் நாகரிகமாக உலவுகிறது.

தேவையாகப் பிறந்த இடைவெளி பாணியாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1920களில் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் யோசெஃப் ஆல்பர்ஸ் சதுரம், வட்டம், கால்வட்டம் ஆகிய சில வடிவங்களை மட்டும் கொண்டு எழுத்துகளைக் கட்டிப் பார்த்தார். 1929இல் பௌல் ரென்னரின் ஃபியூச்சுரா பிளாக் வெளிவந்தது. 1937இல் அமெரிக்காவில் ஜெர்ரி பவல், ராபர்ட் ஹண்டர் மிடில்டன் ஆகிய இருவரும் தனித்தனியே 'ஸ்டென்சில்' என்ற ஒரே பெயரில் அச்செழுத்துகளை வெளியிட்டார்கள். தகடே இல்லாத உலோக அச்சில் தகட்டின் தழும்பு மட்டும் அழகாக வார்க்கப்பட்டது. 1971இல் இத்தாலியில் அல்டோ நொவரேசே உருவாக்கிய 'ஸ்டாப்' எழுத்துரு இன்னும் ஒரு படி போய், எழுத்தின் உறுப்புகளையே நறுக்கியெறிந்து, எஞ்சிய துண்டுகளை வைத்து வாசிக்கச் சொன்னது.

இதே காலத்தில்தான் எதிர்காலத் தோற்றம் என்ற சொல்லுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. அந்த உருவத்தின் ஊற்று காசோலையில் இருக்கிறது. இந்திய வங்கிக் காசோலையின் அடிப்பகுதியில் தடித்தும் மெலிந்தும் விசித்திரமாக நிற்கும் இலக்கங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஈ-13பி என்ற அந்த எழுத்துரு 1950களின் இறுதியில், காந்த மையை இயந்திரம் உணர்வதற்காக அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதில் மொத்தம் 14 குறிகள்தாம்: 10 இலக்கங்கள், 4 சிறப்புக் குறிகள். ஒவ்வொரு தடிப்பும் இயந்திரத்தின் கண்ணுக்கு ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டது. அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்து முழு ஆங்கில நெடுங்கணக்குக்கும் பரப்பியதுதான் 1970இல் வந்த 'டேட்டா 70' போன்ற எழுத்துருக்கள். அவற்றை எந்த இயந்திரமும் படிக்கவில்லை. ஆனால் அறிவியல் புனைகதை நூல்களின் அட்டைகளும் திரைப்படத் தலைப்புகளும் அவற்றை நாளைய உலகின் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டன.

ஆக, எதிர்காலம் என்று விற்கப்படும் தோற்றம் உண்மையில் நேற்றைய இயந்திரங்களின் இயலாமை. தகட்டால் முழு வட்டத்தை வெட்ட முடியவில்லை. காந்தத் தலையால் மெல்லிய கோட்டை உணர முடியவில்லை. பழைய கணினித் திரையால் வளைவை வரைய முடியவில்லை. இவற்றின் கூட்டுத்தொகையே இன்று எதிர்காலமாகக் காட்டப்படுகிறது. இதில் குற்றமில்லை. பாணிகள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் அந்த இயலாமைகள் எல்லாம் லத்தீன் எழுத்தைச் சந்தித்தபோது பிறந்தவை என்பதை மறந்துவிட்டு, அவற்றை உலகப் பொதுவிதியாக நீட்டும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

இதை ஓர் எழுத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். 1975இல் நாசா ஏற்றுக்கொண்ட, 'புழு' என்று செல்லமாக அழைக்கப்படும் சின்னத்தில், இரண்டு 'ஏ' எழுத்துகளுக்கும் குறுக்குக்கோடு கிடையாது. அதை எவரும் தவறாகப் படிப்பதில்லை. காரணம் எளிது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26இல் கவிழ்த்த 'வி' போன்ற வேறோர் எழுத்து இல்லை. குறுக்குக்கோட்டை இழந்தாலும் அந்த எழுத்தின் இடத்தைப் பிடிக்க அண்டை வீட்டார் எவருமில்லை. ஆகவே அந்தக் கோடு அங்கே மிகை, வெட்டலாம். இதே வெட்டைக் கிரேக்கத்தில் செய்தால் என்ன ஆகும்? ஆல்ஃபா லாம்டா ஆகிவிடும். கோடு ஒன்றுதான், கத்தி ஒன்றுதான், வெட்டும் ஒன்றுதான். ஓர் எழுத்துமுறையில் அது அழகு; இன்னொன்றில் எழுத்துப்பிழை.

மொழியியலின் பாலபாடம் இது. ஓர் ஒலி அந்த மொழியின் பிற ஒலிகளிலிருந்து எதனால் வேறுபடுகிறதோ அதுவே அதன் உயிர்நிலை. எழுத்துக்கும் இதே நியதி பொருந்தும். எந்தக் கோடு மிகை, எந்தக் கோடு உயிர்நிலை என்பதை அந்த எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் அண்டை எழுத்துகள் அனைத்தையும் பார்த்தாக வேண்டும். லத்தீனில் மிகையானது கிரேக்கத்தில் உயிர்நிலையாக இருக்கும்போது, லத்தீனுக்காகக் கணித்த வெட்டு குர்முகிக்கும் தெலுங்குக்கும் பொருந்தும் என்று நம்புவதற்கு என்ன அடிப்படை இருக்கிறது?

குர்முகியையே எடுத்துக்கொள்ளலாம். அதில் 'ஸ' எழுத்துக்கும் 'ம' எழுத்துக்கும் உடல் ஏறத்தாழ ஒன்றே. மேலே தலைக்கோடு மூடியிருந்தால் 'ஸ', திறந்திருந்தால் 'ம'. எதிர்காலத் தோற்றத்துக்காக ஒவ்வோர் எழுத்தின் தலைக்கோட்டிலும் ஓர் இடைவெளி விடும் வடிவமைப்பாளர், பஞ்சாபியில் ஆண்டைக் குறிக்கும் 'ஸால்' என்ற சொல்லைச் சரக்கைக் குறிக்கும் 'மால்' என்ற சொல்லாக மாற்றிவிடுகிறார். புத்தாண்டு வாழ்த்து சந்தை அறிவிப்பாகிறது.

தேவநாகரியிலும் தலைக்கோட்டின் முறிவு வெறும் வெளியிடம் அல்ல. க வரிசையின் நான்காம் எழுத்தில் தலைக்கோடு முழுமையாக ஓடும். அதோடு உருவத்தில் மிக நெருங்கிய த வரிசையின் நான்காம் எழுத்தில் அது இடப்பக்கம் முறிந்து நிற்கும். ப வரிசையின் ஐந்தாம் எழுத்தில் கோடு முழுமை. நான்காம் எழுத்தில் முறிவு. இந்த இணைகளைப் பிரிக்கும் முதன்மையான குறிகளில் அந்த முறிவும் ஒன்று. முழுக்கோட்டை முறித்தால் இந்தியில் மேகத்தைக் குறிக்கும் சொல் செல்வத்தைக் குறிக்கும் சொல்லின் அருகே போய்விடும். தோல்வியைக் குறிக்கும் சொல் சோற்றைக் குறிக்கும் சொல்லை நோக்கி நகரும். தேவநாகரிக்கு ஸ்டென்சில் கூடாது என்பது இதன் பொருள் அன்று. தலைக்கோட்டை எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே முறிக்கலாம். எழுத்தின் தலைக்கு மேலேயே முறிக்கலாகாது. அந்த ஓர் அங்குல வேறுபாட்டை அறிய அந்த எழுத்துமுறையை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தெலுங்கில் தலைக்கட்டு சில எழுத்துகளில் உடலோடு ஒட்டியும் சிலவற்றில் ஒட்டாமலும் நிற்கும். அங்கே இடைவெளி என்பதே எழுத்தின் உறுப்பு. ஒடியாவில் பல எழுத்துகள் பெரிய குடைபோன்ற ஒரே மேல்வளைவைப் பகிர்ந்துகொள்கின்றன. வேறுபாடு முழுவதும் கீழேயும் உள்ளேயும் இருக்கும் சிறிய கோடுகளில். லத்தீன் எழுத்தின் மேல்பாதியை வைத்தே பெரும்பாலும் வாசித்துவிட முடியும் என்பது பழைய அச்சகப் பாடம். அந்தப் பாடத்தை நம்பி ஒடியாவின் கீழ்ப்பாதியை நறுக்கினால் எஞ்சுவது குடைகளின் வரிசை மட்டுமே.

தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. தமிழ் தன் வேறுபாடுகளைச் சுழியிலும் கோட்டின் முடிவிலும் வைத்திருக்கிறது. எழுத்துகளின் பெயர்களே அதற்குச் சான்று. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்று பிள்ளைகள் எண்ணிப் படிக்கிறார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்பதும் எண்ணிக்கைதான். மேல்விலங்கு குறில்; மேல்விலங்குச் சுழி நெடில். சுழிகளை ஒரே கட்டமாகச் சதுரித்து, நடுவில் ஒரு பட்டையை இழுத்துவிட்டால் மூன்றும் இரண்டும் ஒன்றாகும். 'மணம்' எது, 'மனம்' எது என்று தெரியாது. விலங்கின் நுனியை நறுக்கினால் 'வீடு' என்பது 'விடு' ஆகும். கொம்பின் மேற்சுழியை இழந்தால் 'கேடு' என்பது 'கெடு' ஆகும். 'ர' எழுத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோட்டை வேண்டாத வால் என்று வெட்டினால் அது கால் ஆகிவிடும். 'கரடு' என்பது 'காடு' ஆகும். இந்த வெட்டுகளில் ஒன்றுகூட லத்தீன் கண்ணுக்குப் பிழையாகத் தெரியாது. எல்லாமே நேர்த்தியான, சீரான, எதிர்காலத் தோற்றமுள்ள வெட்டுகளாகவே தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், ஸ்டென்சிலுக்கு மிகவும் இயல்பான குறி தமிழின் புள்ளிதான். தகட்டில் ஓர் ஆணி அடித்தால் புள்ளி வந்துவிடும், பாலம் தேவையில்லை. ட, ப போன்ற எழுத்துகளில் தீவே இல்லை. அவையும் தகட்டில் அப்படியே நிற்கும். வ, ன, ண போன்றவற்றின் சுழிகளுக்கே பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைச் சுழியின் எந்தப் பக்கத்தில் வைத்தால் சுழி சுழியாகவே எண்ணப்படும் என்பதுதான் வடிவமைப்பாளர் விடை காண வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமலேயே புள்ளியைச் சதுரப் பெட்டியாக்கி, பெட்டிக்கு நடுவிலும் ஒரு வெட்டை வைத்து, அதைப் புதுமை என்கிறார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் முதல் மறுப்பு, சூழல் காப்பாற்றிவிடும் என்பது. வாசகர் ஒவ்வோர் எழுத்தாகவா படிக்கிறார், சொல்லின் மொத்த உருவத்தையும் வாக்கியத்தையும் வைத்து ஊகித்துவிட மாட்டாரா என்கிறார்கள். நீண்ட பத்தியில் ஊகிப்பார். ஆனால் அலங்கார எழுத்துரு வாழும் இடம் பத்தி அன்று. அது தலைப்பில் வாழ்கிறது, பெயர்ப்பலகையில் வாழ்கிறது, நிறுவனப் பெயரில், ஊர்ப் பெயரில், திரைப்படப் பெயரில் வாழ்கிறது. ஒரே சொல்லுக்குச் சூழல் ஏது? புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் எந்த அகராதியில் இருக்கிறது? மொழியில் மிகை மிகக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் எழுத்தில் மிகப்பெரிய வெட்டை விழுத்துகிறார்கள். மேலும், ஊகிப்பவர் யார் என்பதும் முக்கியம். வீட்டில் நூல்களோடு வளர்ந்தவர் ஊகிப்பார். குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த சிறுமியும், வேற்று மாநிலத்துக்கு வேலைக்கு வந்து அந்த ஊரின் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் தொழிலாளியும் ஊகிக்க மாட்டார்கள். தடுமாறுவார்கள். தடுமாற்றத்தின் பழியைத் தங்கள்மேலேயே போட்டுக்கொள்வார்கள்.

கருவியின் வசதிக்காக வேறுபாட்டைக் கைவிட்டால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதைத் தமிழ் ஏற்கெனவே ஒருமுறை கண்டிருக்கிறது. தொல்காப்பியம் புள்ளியைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எழுத்தாணியின் குத்து ஓலையைக் கிழிக்கும் என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். குறில் எகர ஒகரமும் நெடிலும் ஒன்றாகவே எழுதப்பட்டன. ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்றன. அந்தச் சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்களின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி, ஓலையில் இல்லாத புள்ளியையும் குறில் நெடிலையும் தம் புலமையால் ஊகித்துச் சேர்ப்பதில் கழிந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்ற ஒருவர் கிடைத்தால் ஊகம் நடக்கும். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் ஒரு சாமிநாதையரை நிறுத்திவைக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. எழுத்து தெய்வம், அதைத் தொடவே கூடாது, வெட்டுவது அவமதிப்பு என்பவர்களின் மறுப்பு அது. இவர்களோடும் உடன்பட வழியில்லை. எந்த இந்திய எழுத்தும் கருவியின் கைபடாமல் இன்றைய உருவத்தை அடையவில்லை. கல், ஓலை, இறகுப்பேனா, ஈய அச்சு, தட்டச்சுப்பொறி, கணினி ஆகிய ஒவ்வொன்றும் எழுத்தைச் செதுக்கியிருக்கின்றன. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. துதிக்கை போல வளைந்த பழைய 'லை', 'னை' முதலியவற்றின் இடத்தில் இன்றைய வடிவங்கள் வந்தன. அதனால் தமிழ் அழியவில்லை. கவனிக்க வேண்டியது, அந்த மாற்றத்தில் எந்த இரண்டு எழுத்துகளும் ஒன்றாகிவிடவில்லை என்பதை. உருவம் மாறியது, வேறுபாடு காக்கப்பட்டது. எழுத்தில் கத்தி வைப்பவர்கள் கற்க வேண்டிய இலக்கணம் அதுதான்.

எளிய வடிவியல் தோற்றம் லத்தீனுக்கே உரியது என்ற மயக்கத்துக்கும் ஆதாரம் இல்லை. பொது ஆண்டுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டின் அசோகர் பிராமியைப் பார்த்தால் போதும். அதில் 'க' ஒரு கூட்டல் குறி. ட வரிசையின் இரண்டாம் எழுத்து ஒரு வெறும் வட்டம். த வரிசையின் இரண்டாம் எழுத்து நடுவில் புள்ளியுள்ள வட்டம். நாசாவின் குறுக்குக்கோடற்ற 'ஏ' உருவம் அங்கே க வரிசையின் மூன்றாம் எழுத்தாகப் பாறைகளில் நிற்கிறது. கோடும் வட்டமும் புள்ளியும் மட்டுமே கொண்டு, ஆல்பர்ஸுக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்ட எழுத்துமுறை அது. அதன் கிளைகள்தாம் இன்று நவீனத்துக்குப் பொருந்தாதவை என்று சுவரொட்டியின் அடியில் ஒதுக்கப்படுகின்றன.

ஒதுக்குவோர் தாம் எந்த ஒழுங்கில் நிற்கிறோம் என்பதை உணர்வதில்லை. மேற்கில் 1993இல் வெளிவந்த 'சமர்கான்' என்றொரு எழுத்துரு உண்டு. ஆங்கில எழுத்துகளுக்குத் தலைக்கோடு இட்டுத் தேவநாகரி வேடம் கட்டியது. யோகா நிலையம், கறி உணவகம், மாயமந்திரக் கதை ஆகியவற்றின் பலகைகளில் இந்தியா என்று சொல்வதற்கு அது பயன்படுகிறது. அதன் அகராதியில் தேவநாகரி என்றால் பழமை, மர்மம், மசாலா. இந்திய வடிவமைப்பாளர் அதைக் கண்டு சிரிக்கிறார். பிறகு தன் மேசைக்குத் திரும்பி, கோயில் விழாவுக்கும் திருமணப் பத்திரிகைக்கும் நாட்டுப்புறக் கண்காட்சிக்கும் இந்திய எழுத்தை எடுக்கிறார். செயற்கைக்கோளுக்கும் மின்வாகனத்துக்கும் லத்தீனை எடுக்கிறார். அகராதி அதேதான். இம்முறை அதை எழுதியவர் வெளியார் அல்லர்.

பணமும் ஆளும் இல்லை என்ற சாக்கு இங்கே வரும். லத்தீனுக்குச் சிறிதும் பெரிதுமாக ஐம்பத்திரண்டு எழுத்துகள் போதும். தேவநாகரியின் கூட்டெழுத்துகளுக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் வரைய வேண்டும். வேலை பல மடங்கு என்பது உண்மை. ஆனால் முடியாது என்பது பொய். மும்பையின் எக் டைப் நிறுவனம் 2022இல் வெளியிட்ட அநேக் எழுத்துரு ஒன்பது இந்திய எழுத்துமுறைகளையும் லத்தீனையும் ஒரே குடும்பமாக வளர்த்தது. ஒவ்வோர் எழுத்தும் தன் உடலமைப்போடு இருந்துகொண்டே அகலத்திலும் பருமனிலும் மாறுகிறது. ஒன்று இன்னொன்றின் சட்டையை மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்டென்சிலிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இலங்கையைப் பார்க்கலாம். கொழும்பின் மூனியாக் குழுவினர், சுவர்களில் விளம்பரம் ஒட்டாதே என்று தகடு வைத்து எழுதும் தெருவெழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு 'போஸ்ட் நோ பில்ஸ்' என்ற எழுத்துருவைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் உருவாக்கினார்கள். தமிழ் வடிவத்துக்கு யாழ்ப்பாணத்தின் பெயர். சிங்கள வடிவத்துக்குக் கொழும்பின் பெயர். தெருவில் தகடு வெட்டியவரின் கை எங்கே பாலம் வைத்தது என்பதிலிருந்து தொடங்கும் வழி அது. விண்கலப் படங்களிலிருந்து தொடங்குவதைவிட அது நேர்மையான தொடக்கம்.

ஆகவே பழி வடிவமைப்பாளர் ஒருவர்மேல் மட்டும் விழக்கூடாது. சுவரொட்டிக்கும் சின்னத்துக்கும் ஆணை தரும் நிறுவனங்கள், ஆங்கில வடிவத்துக்கு ஆறு மாதமும் இந்திய மொழி வடிவத்துக்கு ஆறு நாளும் ஒதுக்குகின்றன. வடிவமைப்புக் கல்விக்கூடங்கள் லத்தீனின் உடற்கூற்றை விரிவாகக் கற்பித்துவிட்டு, இந்திய எழுத்துகளை ஒரு பருவத்தின் கடைசி வாரங்களில் அடக்குகின்றன. மொழியியல் துறைகளோ இன்னும் மோசம். எழுத்து என்பது பேச்சின் நிழல், ஆய்வுக்குரியது பேச்சே என்று சொல்லி எழுத்துருவை அலங்காரக் கடைக்கு அனுப்பிவிட்டன. வேற்றுமையுறு இணைகளைக் கண்டறியும் முறையை ஒவ்வொரு முதுகலை மாணவரும் முதல் பருவத்திலேயே கற்கிறார். அதே முறையை எழுத்துருவின்மேல் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வளர்க்கப்படவில்லை. மொழித் துறைகள் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கின்றன. எழுத்துருவே பிழை செய்யும்போது மௌனம் காக்கின்றன.

வேண்டியவை கடினமானவை அல்ல. இந்திய எழுத்துமுறைக்கு ஸ்டென்சில் எழுத்துரு செய்பவர் லத்தீன் கோப்பை ஒதுக்கிவைத்து, அந்த எழுத்தை அகலப் பேனாவிலும் தூரிகையிலும் எழுதிப் பார்த்து, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறியட்டும். உண்மையிலேயே ஒரு தகட்டில் வெட்டிப் பார்க்கட்டும்; எந்தத் தீவு விழுகிறது, எந்தப் பாலம் தாங்குகிறது என்பதைத் தகடே சொல்லும். எழுத்துருவுக்கு ஆணை தரும் நிறுவனம் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கும் கூலி கொடுத்து அருகில் உட்கார வைக்கட்டும். எழுத்துருவை வெளியிடுமுன் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பக்க அளவில் இணைச்சொற்களின் பட்டியல் தயாராகட்டும். பஞ்சாபிக்கு 'ஸால்', 'மால்'. தமிழுக்கு 'மனம்', 'மணம்', 'விடு', 'வீடு', 'கெடு', 'கேடு', 'கரடு', 'காடு'. அவற்றைத் தனித்தனிச் சொல்லாக, சூழல் இன்றி, வெவ்வேறு வயதும் படிப்பும் உள்ள பத்துப் பேரிடம் காட்டட்டும். ஒருவர் தவறாகப் படித்தாலும் வெட்டு இடம் மாறட்டும். இந்தத் தேர்வுக்குச் செலவு ஒரு பிற்பகல். அந்தப் பிற்பகலைக்கூட ஒரு மொழிக்கு ஒதுக்க மனமில்லாதவர்கள், அந்த மொழியின் எழுத்துக்கு எதிர்காலம் என்று பெயர் வைக்க வேண்டாம்.